பாதியில் நின்ற படை: மினியேச்சர் வண்ணத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு

14 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அட்டைப் பெட்டியைத் திறந்தபோது மேலாகக் கிடந்தவன் ஒரு குதிரைவீரன். கேடயம் முடிந்திருந்தது. அங்கி முடிந்திருந்தது. குதிரைக்கு ஒரு பூச்சு பழுப்பு ஏறியிருந்தது. முகத்தில் ஒரு கண் மட்டும் எழுதியிருந்தேன். அடுத்த கண்ணுக்குள் என்ன குறுக்கிட்டது, தேர்வா, வேலையா, வீடு மாறியதா, நினைவில்லை. ஒற்றைக் கண்ணோடு அத்தனை காலம் இருட்டில் படுத்திருந்திருக்கிறான்.

போர் விளையாட்டு மினியேச்சர்களுக்கு, அதாவது மேசைமேல் விளையாடும் சிறு வீரர் உருவங்களுக்கு, வண்ணம் தீட்டுவதை இடையில் விட்ட எல்லோரிடமும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். அதைத் திறந்து மறுபடி உட்காருகிறவரின் நிலை, ஒரு வகையில் புதிதாகத் தொடங்குகிறவரின் நிலையைவிட மோசம். புதியவர் தன் முதல் உருவம் சுமாராக வந்தாலே மகிழ்ந்துபோவார். திரும்பி வருகிறவருக்கோ விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற நினைப்பு. முதல் உருவம் கோணலாக வந்ததும், கை போய்விட்டது என்று முடிவுகட்டிப் பெட்டியை மூடிவிடுவார். நான் கண்டவரை, கை அவ்வளவு எளிதில் போவதில்லை. வண்ணம் காய்ந்துபோகிறது, பார்வை சற்றுத் தள்ளிப்போகிறது, காத்திருக்கும் குணம் தேய்ந்துவிடுகிறது. இந்த மூன்றையும் கவனித்துக்கொண்டால் கை ஐந்தாறு உருவங்களில் தானாக வந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களும் இதே வரிசையில் போகலாம். பெட்டியைக் கிளறும் பகுதியை மட்டும் தாண்டிவிடுங்கள்.

கடைக்கு முன் பெட்டி

முதல் ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. திரும்பி வந்த முதல் நாளே 30 வண்ணங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை வாங்கினேன். அவற்றில் 17 குப்பிகளின் மூடியை இன்றுவரை திருகவில்லை. என்னிடமிருந்த பழைய குப்பிகளில் பாதி நன்றாகவே இருந்தன என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

ஒரு செய்தித்தாளை விரித்து எல்லாக் குப்பிகளையும் அதன்மேல் நிறுத்துங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, பல் குத்தும் குச்சியால் அடிவரை கிளறுங்கள். குலுக்கிப் பார்ப்பது போதாது. நிறமி அடியில் களிமண் போல இறுகியிருக்க, மேலே வெறும் பசைநீர் ஆடிக்கொண்டிருக்கும். கிளறியதில் கொஞ்சம் எடுத்து ஒரு வேண்டாத பிளாஸ்டிக் துண்டில் தடவி, பக்கத்தில் வண்ணத்தின் பெயரை எழுதி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று ஒட்டியிருந்தால் அது உயிரோடு இருக்கிறது. பொடியாக உதிர்ந்தாலும் மணல் போல நெருடினாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மூடியைத் திறந்ததுமே அழுகல் நாற்றம் அடித்தால் கிளறவே வேண்டாம்.

கெட்டியானது வேறு, காய்ந்தது வேறு. அக்ரிலிக் வண்ணத்தில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. தண்ணீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிரியாது. குச்சியோடு ரப்பர் போலச் சுருண்டு வருகிற வண்ணத்துடன் மல்லுக்கட்டுவது வீண். பசைபோல் இறுகியும் இன்னும் ஈரமாக இருப்பதைக் காப்பாற்றலாம்: காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, கிளறி, மூடி, ஓரிரவு வையுங்கள். மறுநாள் மறுபடி ஒரு சொட்டு. ஒரேயடியாக ஊற்றினால் வண்ணம் வலுவிழந்து, பரப்பைப் பிடித்து நிற்காது. நீர் அதிகமாகத் தேவைப்பட்டால் பாதிக்கு அக்ரிலிக் மீடியத்தை (நிறமி சேராத வண்ணப்பசை) சேருங்கள். குப்பிக்குள் ஒரு சிறிய துருப்பிடிக்காத எஃகுக் குண்டைப் போட்டுவிட்டால் அடுத்த முறை குலுக்குவது சுலபம். மலிவான இரும்புக் குண்டு வேண்டாம். அது துருவாகி, வெள்ளை வண்ணத்தைத் துருநிறமாக்கும்.

கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்தின் சிடடெல் வண்ணங்களோடு வளர்ந்தவர்களுக்கு வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. 2012இல் அந்த வரிசை முழுவதும் மாற்றப்பட்டது, பெயர்களும் போயின. நீங்கள் தேடும் கேயாஸ் பிளாக் இப்போது அபாடன் பிளாக். போல்ட்கன் மெட்டலின் இடத்தில் லெட்பெல்ச்சர் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் பூசிய டெவ்லான் மட் என்ற பழுப்பு வாஷுக்கு (பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம்) பதில் ஆக்ராக்ஸ் எர்த்ஷேட். இவை நெருங்கிய உறவினர்கள்தான்; இரட்டையர்கள் அல்லர். பழைய குப்பியில் தொடங்கிய அங்கியைப் புதுக் குப்பியால் முடித்தால் ஒட்டுப்போட்டது தெரியும். அதற்கு என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்டியில் உலோக உருவங்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. பழைய உருவங்கள் பலவற்றில் ஈயம் உண்டு. அட்டைப் பெட்டியிலோ மர அலமாரியிலோ காற்றோட்டமின்றிப் பல ஆண்டுகள் இருந்தவற்றின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கலாம். அட்டையும் சில மரங்களும் கசியவிடும் அமில ஆவியால் ஈயம் அரிக்கப்படுவதால் வருவது அது. ஊதிப் பார்க்காதீர்கள், உலர்ந்த நிலையில் உரசாதீர்கள். கையுறை போட்டு, ஈரமாகத் துடைத்து, தனியே எடுத்து வையுங்கள். ஈய உருவத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.

கண்ணும் விளக்கும்

இதைப் பலர் கடைசியில் வைப்பார்கள். நான் தூரிகைக்கும் முன்னால் வைக்கிறேன். 40 வயதை ஒட்டி எல்லோருக்கும் அருகுப் பார்வை தளரத் தொடங்கும். வாசிக்கும்போது புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துச் சமாளிக்கலாம். 28 மில்லிமீட்டர் உருவத்தின் முகத்தைத் தள்ளிப் பிடித்துச் சமாளிக்க முடியாது. எனக்குக் கை நடுங்குகிறது என்றே முதல் மாதம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தலையில் மாட்டும் உருப்பெருக்கியைப் போட்டுப் பார்த்தேன். நடுக்கம் காணாமல் போயிற்று. கண் சரியாகப் பார்க்காத இடத்தில் கை தடுமாறத்தானே செய்யும்?

உருப்பெருக்கி ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை போதும். அதற்கு மேல் போனால் குவியும் தூரம் மிகக் குறுகி, மூக்கில் இடிக்கிற அளவுக்கு உருவத்தைக் கொண்டுவர வேண்டியிருக்கும். தவிர, மூன்று மடங்கில் பார்த்தால் எல்லாமே அசிங்கமாகத் தெரியும். விளையாடும்போது யாரும் மூன்று மடங்கில் பார்ப்பதில்லை.

விளக்கு வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். வண்ண வெப்பநிலை 5000 முதல் 6500 கெல்வினுக்குள் இருக்கட்டும். நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு, அதாவது சிஆர்ஐ, 90க்கு மேல் இருக்கட்டும். மஞ்சள் விளக்கில் தீட்டிய நீலம் காலை வெளிச்சத்தில் வேறு ஏதோவாக இருக்கும். ஒரே விளக்கு என்றால் தூரிகை பிடிக்காத கையின் பக்கம் வையுங்கள். அப்போதுதான் உங்கள் கையின் நிழல் உருவத்தின்மேல் விழாது.

முழங்கைகள் இரண்டும் மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். மணிக்கட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. கை நடுங்கினாலும் உருவமும் தூரிகையும் சேர்ந்தே நடுங்கும், கோடு பிசகாது.

தூரிகை

பழைய தூரிகைகளைத் தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறுங்கள். மயிர் கூர்ந்து ஒரே முனையாகக் கூடினால் வைத்துக்கொள்ளுங்கள். பிளந்து நின்றால் தூக்கிப் போடாதீர்கள். பசை தடவவும், வாஷ் கலக்கவும், ட்ரை பிரஷ்ஷுக்கும் (கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் உரசுவது) அது வேண்டியிருக்கும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் 1 அல்லது 2ஆம் எண்ணில் ஒரே ஒரு நல்ல தூரிகை போதும். கண் எழுத வேண்டும் என்று 000 எண்ணில் வாங்குவது திரும்பி வருகிற எல்லோரும் செய்யும் தவறு. அந்த நாலு மயிரில் வண்ணம் நிற்காது. தட்டிலிருந்து முகத்துக்குப் போவதற்குள் முனை காய்ந்துவிடும். நுணுக்கம் எண்ணில் இல்லை, முனையின் கூர்மையில் இருக்கிறது. வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் சீரிஸ் 7 என்ற கோலின்ஸ்கி (மரநாய் இனத்துச் சிறு விலங்கு) மயிர்த் தூரிகை 1866இல் விக்டோரியா அரசிக்காகச் செய்யப்பட்டது. அரசிக்குப் பிடித்தது 7ஆம் எண். அவர் தீட்டியது நீர்வண்ணக் காட்சிகள், நமக்கு 1 போதும்.

வண்ணம் மயிரின் பாதிக்கு மேல் ஏறக்கூடாது. உலோகக் கழுத்துக்குள் ஏறிக் காய்ந்தால் முனை பிளக்கத் தொடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அலசுங்கள். எழுந்திருக்கும் முன் தூரிகைச் சோப்பில் கழுவி, விரலால் முனையைக் கூட்டி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். முனையை வாயில் வைத்துக் கூர்மையாக்கும் பழைய பழக்கம் உங்களுக்கும் இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. சில நிறமிகள் வயிற்றுக்குள் போகத் தக்கவை அல்ல; இடைவெளி விட்டதன் ஒரே லாபமாக அந்தப் பழக்கத்தை விட்டுத் தொலையுங்கள்.

முதலில் யார்?

பாதியில் விட்ட அந்தச் செல்ல உருவத்தை முதலில் எடுக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆசை முழுவதும் அதன்மேல் இருக்கிறது. கை இன்னும் பழகவில்லை. இந்தக் கூட்டணி நல்லபடியாக முடியாது. படைத்தலைவன், டிராகன், பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பெட்டியின் அடியில் கிடக்கும் சாதாரணக் காலாள்களில் மூன்று பேரை எடுங்கள். கெட்டுப்போனாலும் வருத்தப்படாத ஆட்களாக இருக்க வேண்டும். முதலாமவன் தடுமாறுவதற்கு, இரண்டாமவன் திருத்திக்கொள்வதற்கு. மூன்றாமவனிடம் வரும்போது கை தன் பழைய தாளத்தைப் பிடித்திருக்கும்.

ஐந்துக்கு மேல் ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். 20 பேரை வரிசையாக நிறுத்தி ஒரே சிவப்பை இருபது முறை பூசி, சலித்துப்போய் விட்டவர்கள்தான் நம்மில் பாதிப் பேர்.

அச்சு வார்த்தபோது இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு ஓடும். கத்தியின் கூரற்ற முதுகால் சுரண்டினால் அது போய்விடும். விட்டுவிட்டால் வண்ணத்துக்குப் பின் இரண்டு மடங்காகத் தெரியும். ரெசினில் (கெட்டியாகும் செயற்கைப் பிசின்) வார்த்த உருவமானால் அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை மேலே இருக்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ரெசினை உரசுவதானால் ஈரமாக உரசுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பசையில் ஒரு நுட்பம் உண்டு. பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீனை உருக்கி இரண்டு துண்டுகளையும் ஒன்றாகவே ஆக்கிவிடுகிறது. ஆனால் உலோகத்திலும் ரெசினிலும் அது ஒட்டாது. அவற்றுக்குச் சூப்பர் குளூ வேண்டும். அதைக் குறைவாக வைத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். குளமாக ஊற்றினால் மணிக்கணக்கில் ஈரமாகவே நிற்கும்.

பிரைமர்

பிரைமர் என்பது வண்ணத்துக்கும் பரப்புக்கும் நடுவே நிற்கும் தரகர். அது இல்லாவிட்டால் வண்ணம் பிளாஸ்டிக்கில் திரண்டு உருளும். உலோகத்தில் நகம் பட்டாலே உரியும்.

ஆர்வக்கோளாறில் மழை விட்ட ஒரு மாலையில் நான் ஐந்து வீரர்களுக்கு ஸ்ப்ரே அடித்தேன். தூரத்தில் நின்று அடித்தால் மெல்லியதாக விழும் என்று கையை முழுவதும் நீட்டிக்கொண்டேன். காய்ந்தபின் ஐந்து பேரும் உப்புத்தாளால் செய்தவர்கள் போல இருந்தார்கள். ஸ்ப்ரேயின் துளிகள் அவ்வளவு தூரம் பறந்து வருவதற்குள் காற்றிலேயே பாதி காய்ந்து, தூசியாக வந்து விழுந்திருக்கின்றன. போதாக்குறைக்குக் காற்றில் ஈரம். ஐவரையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டுத் தேய்த்து மீட்டேன்.

எனவே டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். ஸ்ப்ரேயை உருவத்துக்கு வெளியே தொடங்கி, உருவத்தைக் கடந்து, வெளியே நிறுத்துங்கள். சிறு சிறு வீச்சாக, காற்றோட்டமான இடத்தில், முகக்கவசத்தோடு. மழை நாளிலும் கடும் வெயிலிலும் குளிரிலும் டப்பாவைத் தொடாதீர்கள். வானம் ஒத்துழைக்காவிட்டால் தூரிகையால் பூசும் பிரைமர் இருக்கிறது. நேரம் பிடிக்கும், பாதகமில்லை.

நிறம் எது? கறுப்பு தவறுகளை மறைக்கும், ஆனால் மஞ்சளையும் சிவப்பையும் விழுங்கிவிடும். வெள்ளையில் நிறங்கள் பளிச்சென்று வரும், ஆனால் தூரிகை எட்டாத இடுக்குகள் பல்லிளிக்கும். திரும்பி வருகிறவருக்குச் சாம்பல் நிறமே நல்லது. உருவத்தின் மேடுபள்ளம் அதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

ஈரத் தட்டும் பதமும்

எனக்கு இந்தக் கலையில் பிடித்த பகுதியே இதுதான். நீங்கள் விட்ட காலத்தில் குப்பி மூடியிலிருந்தே வண்ணத்தைத் தொட்டுப் பூசியிருந்தால், ஈரத் தட்டு ஒன்றே உங்களை ஒரு படி மேலே ஏற்றிவிடும். செய்வது எளிது: மூடி உள்ள தட்டையான டப்பா, அதன் அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச், அதன்மேல் பேக்கிங்குக்குப் பயன்படும் தாள். மெழுகுத் தாள் கூடாது, அது நீரை விடாது. ஸ்பாஞ்சின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் ஊற்றுங்கள். தாள் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலுள்ள வண்ணத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் அதே கலவையில் தொடரலாம். ஒரு வாரம் மறந்துவிட்டால் பூஞ்சை பூக்கும். வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சைக் கழுவிவிடுங்கள்.

எத்தனை சொட்டு வண்ணத்துக்கு எத்தனை சொட்டு நீர் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. குப்பிக்குக் குப்பி அது மாறும். பதத்தைத்தான் பார்க்க வேண்டும். தட்டில் ஒரு கோடு இழுங்கள். மயிர்த்தடம் வரிவரியாக அப்படியே நின்றால் கெட்டி. கோடு ஓரங்களில் ஊறி, திட்டாகப் பிரிந்து ஓடினால் நீர்த்துவிட்டது. இழுத்த கோடு ஒரு நொடியில் தானே சமமாகி, ஓரம் கலையாமல் நின்றால் அதுதான் பதம்.

அடுத்தது, பலர் தவறவிடுவது. தூரிகையை வண்ணத்தில் தொட்டதும் நேராக உருவத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். டிஷ்யூ தாளில் பக்கவாட்டில் ஒருமுறை ஒற்றுங்கள். மயிரில் தேங்கியிருக்கும் நீர் போய், தேவையானது மட்டும் முனையில் நிற்கும். மெல்லிய வண்ணம் பள்ளங்களில் வழிந்து குளமாகிறது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒற்றலைச் செய்யாதவர்கள்.

இப்போது மூவரில் ஒருவனின் தோள்கவசத்தை எடுத்துக்கொள்வோம். நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பூச்சு போட்டதும் அது பார்க்க மோசமாக இருக்கும்; அடியிலுள்ள சாம்பல் அங்கங்கே எட்டிப் பார்க்கும். அந்த இடத்தை மறுபடி தொடத் துடிக்கும் கையை அடக்குங்கள். பாதி காய்ந்த படலத்தில் தூரிகை பட்டால் அது கிழிந்து சுருண்டு வரும்; பிறகு என்ன செய்தாலும் அந்த வடு போகாது. உருவத்தைக் கீழே வையுங்கள், அடுத்தவனை எடுங்கள். மூன்று பேரை ஒன்றாக எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: மூன்றாமவனை முடிக்கும்போது முதலாமவன் காய்ந்திருப்பான். இரண்டாவது பூச்சில் சாம்பல் மறைந்து, நீலம் ஒரே சீராக நிற்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்புக்கு மூன்றாவது பூச்சும் வேண்டியிருக்கும்.

அதன்மேல் வாஷ். மெல்லிய கறும்பழுப்பு நீர் பள்ளங்களில் இறங்கி நிழலாக நிற்க வேண்டும். கவசத்தின் நட்ட நடுவில் அது குளம் கட்டினால், துடைத்த ஈரத் தூரிகையின் முனையை அங்கே வையுங்கள், உறிஞ்சிக்கொள்ளும். வாஷ் தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அதே முதல் நீலத்தை எடுத்து, பள்ளங்களை விட்டுவிட்டு, மேடான இடங்களில் மட்டும் மறுபடி பூசுங்கள். இந்த ஒரு செயலில் கவசத்துக்கு வடிவம் வந்துவிடும். அதனுடன் கொஞ்சம் வெளிர்நீலம் கலந்து, தூரிகையின் முனையால் அல்லாமல் பக்கவாட்டால், கவசத்தின் விளிம்பில் மட்டும் மெல்ல இழுங்கள். விளிம்பே தூரிகையை வழிநடத்தும். கோடு தடித்துவிட்டால் அடி நீலத்தால் கீழ்ப்பக்கம் திருத்திக்கொள்ளலாம்.

முதல் மூவருக்கு இது போதும். நுட்பமான நிழல் கலப்புகள் எல்லாம் பிறகு.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தூரத்திலிருந்து பார்க்கும் காலாளுக்குக் கண் எழுதத் தேவையே இல்லை. வாஷ் போட்ட குழி போதும். எழுதத்தான் வேண்டும் என்றால் முகத்தில் அதை முதலில் எழுதுங்கள். கருநிறத்தில் ஒரு கோடு, அதற்குள் சற்றே சிறிய வெளிர்க் கோடு, தூய வெள்ளையாக இல்லாமல் தந்த நிறத்தில். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சிறு கோடு இழுத்தால் கருவிழி. புள்ளி வைத்தால் திடுக்கிட்டவன் போலாகிவிடுவான். வெளியே பிசிறியதையெல்லாம் பிறகு தோல் நிறத்தால் மூடிவிடலாம்.

நீங்கள் இல்லாதபோது வந்தவை

வண்ணத்தில் பெரிய மாற்றம் ஒன்றுதான். 2019இல் சிடடெல் கான்ட்ராஸ்ட் என்ற புது வகை வண்ணம் வந்தது. வெளிர்ப் பிரைமர்மேல் ஒரே பூச்சு. பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் வெளுத்தும் தானே நிற்கும். இன்று பல நிறுவனங்கள் இதே வகையைத் தருகின்றன. துணி, உரோமம், தோல் ஆகியவற்றில் இது அற்புதம். பரந்த தட்டையான கவசத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். கறுப்புப் பிரைமர்மேல் சாம்பலையும் வெள்ளையையும் ட்ரை பிரஷ் செய்து, அதன்மேல் இந்த வண்ணத்தைப் பூசினால் இன்னும் ஆழம் வரும். படையை விரைவாக மேசைக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் வெட்கப்படாமல் பயன்படுத்தலாம். இதைக் குறுக்குவழி என்று முகம் சுளிப்பவர்களின் படை பெரும்பாலும் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். ஆனால் கை பழக வேண்டுமானால் முதல் மூவரைப் பழைய முறையில் தீட்டிவிட்டு இதற்கு வாருங்கள். இந்த வகையில் சில பழைய கலவைகள் காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் கரைந்து மேல்பூச்சோடு கலக்கும். எனவே வேண்டாத துண்டில் சோதித்துப் பாருங்கள்.

விளையாட்டுகளும் மாறியிருக்கின்றன. வார்ஹாமர் ஃபேன்டசி என்ற பழைய போர் விளையாட்டின் இடத்துக்கு 2015இல் ஏஜ் ஆஃப் சிக்மார் வந்தது. சதுர அடித்தட்டுகள் வட்டமாயின. 2024இல் தி ஓல்ட் வேர்ல்ட் வந்து சதுரத்தை மறுபடி கொண்டுவந்தது. வார்ஹாமர் 40,000 விளையாட்டின் ஸ்பேஸ் மரீன் வீரர்களின் 25 மில்லிமீட்டர் தட்டு 32 ஆகிவிட்டது. எந்த விளையாட்டுக்கு என்பதை முடிவுசெய்யாமல் பழைய தட்டுகளைப் பிடுங்காதீர்கள்.

பழையவர்களை உரிப்பதா?

வேண்டாம். பள்ளி நாளில் கெட்டி வண்ணம் அப்பிய அந்தப் பத்துப் பேரைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது, ஆல்கஹாலில் போட்டு உரித்துப் புதிதாகத் தீட்டலாம் என்பதுதான். அதில் ஒரு மாதம் போகும். மேசையில் புதிதாக எதுவும் வந்திருக்காது. நுணுக்கங்கள் புதைந்து, உண்மையிலேயே காப்பாற்றத் தக்க உருவமானால் மட்டும் உரியுங்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து, கையுறையோடு, நெருப்பு அண்டாத காற்றோட்டமான இடத்தில் பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். ரெசினானால் ஒரு சிறு துண்டில் சோதித்த பிறகே. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனைப் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள், உருவமே கரைந்து கூழாகிவிடும்.

அடித்தட்டும் கடைசிப் பூச்சும்

விளையாடக் கையாளும் உருவங்களுக்குப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் வேண்டும். ஸ்ப்ரேயில் அடித்தால் பிரைமருக்குச் சொன்ன விதிகளெல்லாம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். ஈரக் காற்றில் அடித்த வார்னிஷ் உறைபனி போல வெளுத்துப்போகும், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. தூரிகையால் இரண்டு மெல்லிய பூச்சு கொடுப்பது எனக்கு நிம்மதி.

பழையதையும் புதியதையும் ஒரே படையாகச் சேர்க்கும் வித்தை அடித்தட்டில் இருக்கிறது. தயாரிப்பு நின்றுபோன சிவப்பை அப்படியே மறுபடி உருவாக்க நான் மூன்று மாலைகளைச் செலவழித்துத் தோற்றேன். பிறகு எல்லோருடைய தட்டுகளிலும் ஒரே மணலை ஒட்டி, ஒரே கறும்பழுப்பைப் பூசி, ஒரே வெளிர்நிறத்தில் ட்ரை பிரஷ் செய்து, விளிம்பை ஒரே கறுப்பால் மூடினேன். கை நீளத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் 14 ஆண்டு இடைவெளி தெரியவில்லை. ஒட்டுத் தெரிகிற அங்கிகளுக்கு ஒரு உபாயம்: பழையதன்மேலும் புதியதன்மேலும் ஒரே வாஷை நன்றாக நீர்த்து ஒருமுறை ஓட்டிவிடுங்கள். இரண்டு சிவப்புகளும் நெருங்கி வந்துவிடும்.

நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் மூன்று காலாள்கள் ஒன்றரை வாரத்தில் முடிவார்கள். மேசையை ஒவ்வொரு முறையும் ஒழித்து எடுத்துவைக்க வேண்டியிருந்தால் அந்த அரை மணி நேரமும் அதிலேயே போகும். ஈரத் தட்டு, தூரிகை, தண்ணீர்க் குவளை, அன்றைய உருவங்கள் இவ்வளவும் அடங்கும் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, அதை அப்படியே தூக்கி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

குதிரைவீரனை எட்டாவது உருவத்துக்குப் பிறகுதான் எடுத்தேன். இன்னொரு கண்ணை எழுதப் போனபோதுதான் கவனித்தேன், பழைய கண் சற்று மேலே ஏறியிருந்தது. அதைத் தோல் நிறத்தால் மூடிவிட்டு இரண்டையும் ஒன்றாக எழுதினேன். குதிரைக்கு இன்னும் ஒரு பூச்சு பாக்கி.